ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவே தடுப்பு: முழு உயரமா, பாதி உயரமா?

கேள்வி: வேளச்சேரி வாசகர், 9 பிப்ரவரி 2024

மூன்றாவது மாடி ஃபிளாட். ஹாலும் டைனிங்கும் ஒரே நீட்டு, 24 அடிக்கு 11 அடி. கிழக்குக் கோடியில் பால்கனி, அதை ஒட்டியே வாசற்கதவு. மேற்குக் கோடியில் சமையலறை. கதவைத் திறந்தால் சாப்பாட்டு மேசை, அதன் பின்னால் கை கழுவும் பேசின், கொஞ்சம் எட்டிப் பார்த்தால் சமையல் மேடை வரை தெரிகிறது. தரையிலிருந்து சீலிங் வரைக்கும் எம்.டி.எஃப். பலகையில் சி.என்.சி. (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) வைத்து ஜாலி, அதாவது துளைத்துளையான வேலைப்பாடு, வெட்டி, பின்னால் எல்.இ.டி. விளக்கு போட்டுத் தருகிறேன் என்கிறார் இன்டீரியர் ஆள். ஹால் சின்னதாகிவிடும் என்கிறார் என் மனைவி. முழு உயரம் வைப்பதா, பாதி உயரமா? எந்த மரம்? செய்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 9 பிப்ரவரி, இரவு

மரத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம். ஒரு நூல்கண்டும் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். வாசற்படியில் நின்று நூலின் ஒரு முனையை உங்கள் கண்ணருகே பிடியுங்கள். மறுமுனையை இன்னொருவர் சாப்பாட்டு மேசையின் தூர விளிம்பில் வைக்கட்டும். நூல் தொய்யக் கூடாது. தடுப்பு வரப்போகும் இடத்தில் அந்த நூல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போகிறதோ, மேசையை மறைக்க அவ்வளவுதான் வேண்டும்.

உங்கள் அளவை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கதவிலிருந்து தடுப்பு 10 அடி, மேசையின் கிட்ட விளிம்பு 14 அடி, தூர விளிம்பு 20 அடி என்று வைத்துக்கொண்டேன். நிற்கிறவர் கண் 5 அடியில், மேசை 2.5 அடியில். மேசை முழுக்க மறைய 3.75 அடி போதும். சாப்பிடுகிறவர் முகமும் மறைய வேண்டும் என்றால், நாற்காலியில் உட்கார்ந்தவர் கண் ஏறக்குறைய 4 அடியில் இருக்கும், அதற்கு 4.5 அடி. வருகிறவர் நெட்டையானவர் என்றால் இன்னும் 2 அங்குலம் கூட்டுங்கள். தலைமுடி தெரியும், தட்டு தெரியாது. பேசினும் இதே கணக்கில் மறைந்துவிடும். சீலிங் வரைக்கும் அடைக்க உங்கள் கேள்வியில் ஒரு காரணமும் எனக்குத் தட்டுப்படவில்லை.

10 பிப்ரவரி

நூலுக்கு அடுத்தது வேட்டி. தடுப்பு வரும் இடத்தில் 4.5 அடி உயரத்தில் கயிறு கட்டி, பழைய எட்டு முழ வேட்டியைத் தொங்கவிடுங்கள். ஒரு வாரமாவது இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றி நடந்து பழகட்டும். எந்த முனையில் இடித்துக்கொள்கிறார்கள், சாப்பிடும்போது டி.வி. தெரியவில்லை என்று யார் முணுமுணுக்கிறார்கள், சமைக்கிறவருக்கு ஹாலில் விளையாடும் குழந்தை தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் படத்தில் வரைவதில்லை. அடுப்படியில் நிற்கிறவரிடம் கேட்காமல் தடுப்பின் இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

நான் ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் அலுவலகத்தில் பல வருடம் படம் வரைந்தவள். தாளில் நன்றாக இருக்கும் தடுப்பு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் வேட்டியை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

12 பிப்ரவரி

ஜாலி வைத்தால் மறைக்கவும் செய்யும், வெளிச்சமும் வரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. துளைகள் உள்ள எந்தத் தடுப்பும் இருட்டான பக்கத்தில் இருப்பவருக்குச் சாதகமாக வேலை செய்யும். இருட்டில் இருப்பவர் வெளிச்சத்தில் இருப்பவரைப் பார்க்கலாம், வெளிச்சத்தில் இருப்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளின் செங்கல் ஜாலிச் சுவர்கள் பகலில் அவ்வளவு அந்தரங்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம். வெளியே வெயில், உள்ளே நிழல்.

வேளச்சேரி வீட்டில் பகலில் பால்கனிப் பக்கம் வெளிச்சம், டைனிங் மங்கல். அப்போது ஜாலி நன்றாகவே மறைக்கும். ராத்திரி எட்டு மணிக்கு டைனிங் விளக்கைப் போட்டுவிட்டு ஹாலில் டி.வி. மட்டும் ஓடினால் நிலைமை தலைகீழ். மேசையில் இருக்கும் ரசச் சட்டி வரைக்கும் ஹாலிலிருந்து தெரியும். விருந்தாளி பெரும்பாலும் சாயந்திரத்துக்கு மேல்தான் வருகிறார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இன்னொன்று, தூசி. அரை அங்குலத் துளைகள் உள்ள சி.என்.சி. ஜாலியில் ஒவ்வொரு துளையின் அடி விளிம்பிலும் தூசி படியும். சமையலறை பக்கத்தில் இருந்தால் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து பிசுக்காகிவிடும். வீட்டு வேலைக்கு வரும் அம்மா அதை பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். யார் துடைக்கப் போகிறார்கள் என்று தெரியாமல் யாரும் டிசைன் தேர்ந்தெடுக்கக் கூடாது. செங்குத்துப் பட்டைகள் என்றால் ஒரு ஈரத் துணியை மேலிருந்து கீழே இழுத்தால் முடிந்தது.

12 பிப்ரவரி, பின்னிரவு

பின்னால் எல்.இ.டி. வேண்டாம். சாப்பிடும்போது கண்ணில் அடிக்கும். விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் என்ற பெட்டி போனால் மாற்ற வழி வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

18 பிப்ரவரி

இப்போது மரம். எம்.டி.எஃப். என்பது மரத்தை நாராக்கிப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. வழவழப்பாக வெட்ட வரும், பெயின்ட் நன்றாக ஏறும். தண்ணீர்தான் அதற்கு ஆகாது. நம் வீடுகளில் தினமும் தரை துடைக்கிறோம், மாப் நுனி தடுப்பின் அடியில் போய் முட்டுகிறது. அடி விளிம்பு ஊதிவிட்டால் அதைச் சரி செய்யவே முடியாது. எச்.டி.எச்.எம்.ஆர். என்ற அடர்த்தி கூடிய பலகை ஈரத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் தரையில் நேராக உட்கார வைக்காதீர்கள்.

பிளைவுட் என்றால் பலகையில் அடித்திருக்கும் முத்திரையைப் படியுங்கள். ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண். ஐ.எஸ். 303 பொது உபயோகத்துக்கு, ஐ.எஸ். 710 தண்ணீரைத் தாங்கும் மரைன் வகை. மரைன் பலகையின் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். தடுப்பு முழுவதற்கும் மரைன் தேவையில்லை. அடிப்பகுதிக்கு மட்டும் 710, மேலே 303 என்று கலந்து செய்யலாம். அதைவிட எளிய வழி, தரையிலிருந்து 4 அங்குலம் கிரானைட் துண்டோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காலோ வைத்து அதன் மேல் மரத்தை உட்கார வைப்பது. கரையானும் அதில் ஏறினால் மண்தடம் உடனே கண்ணில் படும்.

பழைய தேக்கு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், நிலை எல்லாம் சென்னையில் பழைய மரக்கடைகளில் கிடைக்கின்றன. காரைக்குடி போகிறவர்கள் முனீஸ்வரன் கோவில் தெருவைப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குச் சட்டங்கள் சில சமயம் சிக்கும். பல பத்தாண்டு காய்ந்த மரம் இனிமேல் வளைய வேண்டியது எல்லாம் வளைந்து முடிந்திருக்கும். பழைய ஜன்னல் ஜோடி ஒன்றைச் சட்டத்துக்குள் வைத்தாலே தடுப்பு தயார். ஆனால் உள்ளே ஆணி புதைந்திருக்கும், ரம்பத்தின் பல் போகும். ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

24 பிப்ரவரி

"நாலரை அங்குலச் செங்கல் சுவரே கட்டிவிட்டால் என்ன" என்று கேட்டவருக்கு: மாடி ஃபிளாட் என்றால் கட்டாதீர்கள்.

இரண்டு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ வரும். சீலிங் வரை கட்டினால் ஒரு மீட்டர் நீளத்துக்கே 700 கிலோவைத் தாண்டும். 8 அடி நீளச் சுவர் ஒன்றரை டன்னுக்கு மேல். வீட்டு அறைகளின் தளத்துக்கு, கட்டடச் சுமைகளுக்கான தர விதி ஐ.எஸ். 875 சொல்லும் உபயோகச் சுமை (ஆட்களும் சாமான்களும்) ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ. கீழே பீம் இல்லாத இடத்தில் அத்தனை எடையை ஒரே கோட்டில் இறக்கினால் தளம் தொய்யலாம், கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில் விரிசல் விழலாம். காற்றுக்குமிழ் நிறைந்த ஏ.ஏ.சி. கான்கிரீட் பிளாக் பாதிக்கும் குறைவான எடைதான். அதற்கும் கட்டட வரைபடத்தைப் பொறியாளரிடம் காட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

18 மி.மீ. பிளைவுட் 8க்கு 4 அடிப் பலகை ஒன்று 30 கிலோவுக்குச் சற்று மேலே வரும். சட்டம், பட்டை எல்லாம் சேர்த்தாலும் மரத் தடுப்பு ஒரு பெரிய பீரோவின் எடையைத் தாண்டாது. தளம் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது.

3 மார்ச்

எடையைப் பற்றி எழுதியதும் ஒரு வீடு நினைவுக்கு வந்தது. செக் நாட்டின் பிர்னோ நகரில் 1930இல் முடிந்த துகென்தாட் வீடு, கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே வடிவமைத்தது. இரும்புத் தூண்கள் கூரையைத் தாங்கிவிடுவதால் உள்ளே சுவருக்கு எந்தச் சுமையும் இல்லை. எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தலாம். பெரிய கூடத்தில் இரண்டே தடுப்புகள். உட்காரும் இடத்துக்கும் படிக்கும் இடத்துக்கும் நடுவே மொராக்கோவிலிருந்து வந்த ஓனிக்ஸ் கல்லில் ஒரு நேர் பலகை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி மக்காசர் கருங்காலி மரத்தில் ஓர் அரைவட்டம். சூரியன் தாழ்ந்து வரும் குளிர்காலத்தில் அந்தக் கல் ஒளி ஊடுருவிச் சிவந்து தெரியும்.

அந்த அரைவட்டத்தின் கதை இன்னும் சுவாரசியம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், போனது போனதுதான் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2011இல் அதே ஊரின் மசாரிக் பல்கலைக்கழகச் சட்டத்துறை உணவகத்துச் சுவரில் பலகைகள் ஒட்டியிருந்தது தெரியவந்தது. போரின்போது அந்தக் கட்டடம் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் கையில் இருந்தது. மீட்டுவந்து பழைய இடத்திலேயே பொருத்திவிட்டார்கள்.

நம் ஃபிளாட்டுகளில் பெரும்பாலானவையும் அதே தத்துவத்தில்தான் நிற்கின்றன. கான்கிரீட் தூணும் பீமும் எடையைத் தாங்குகின்றன, நடுச்சுவர் வெறும் மறைப்பு. அந்தச் சுதந்திரத்தை பில்டர் நமக்குக் கொடுத்துவிட்டார். அதை எம்.டி.எஃப். வைத்து அடைப்பதா என்பதுதான் கேள்வி.

3 மார்ச், மறுபடியும்

பிர்னோவை விடுங்கள். நான் வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஒரு லைன் வீட்டில். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. பீரோதான் எங்கள் தடுப்பு. அதன் முதுகுப் பக்கம் நாங்கள் படுப்போம், முகப்புப் பக்கம் பெரியவர்கள். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகி வந்தபோது அம்மா பீரோவிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிக்கு ஒரு கொடிக்கயிறு கட்டி, ராத்திரி மட்டும் தன் கண்டாங்கிப் புடவையைப் போட்டுவிடுவாள். விடிந்ததும் எடுத்துவிடுவாள். புடவை தொங்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது என்பது சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். சத்தத்தைப் புடவை தடுக்கவில்லை. நாங்கள்தான் காதைத் திருப்பிக்கொண்டோம்.

கொடிக்கயிற்றை எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்று அம்மாவுக்கு இருந்த தீர்மானம் எந்த இன்டீரியர் படத்திலும் இருப்பதில்லை. பகலில் இல்லாமல் போகிற தடுப்பு என்று ஒன்று இருக்க முடியும் என்பதை அவளிடம் பார்த்தேன்.

10 மார்ச்

சத்தம் பற்றிக் கேட்கிறார்கள். பிள்ளை டைனிங் மேசையில் படிக்கிறான், ஹாலில் சீரியல் ஓடுகிறது, தடுப்பு வைத்தால் சத்தம் குறையுமா?

குறையாது. சத்தத்தை நிறுத்துவது எடையும் இடைவெளியில்லாமையும். ஒரே ஒரு பலகைத் தடுப்பின் எடையை இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. காதுக்குப் பாதியாகத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். அதுவும் நாலாபக்கமும் அடைத்திருந்தால்தான். 4.5 அடித் தடுப்பின் மேலாகச் சத்தம் சீலிங்கில் பட்டுத் தாராளமாக வந்து சேரும். ஜாலியோ பட்டையோ வைத்தால் நேராகவே வரும். புத்தகம் நிறைந்த அலமாரி, கனத்த திரை, தரையில் பாய் ஆகியவை எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், பேச்சு தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். படிக்கிற பிள்ளைக்குக் கதவுள்ள ஓர் இடம் வேண்டும். படுக்கையறையில் ஒரு மேசை போடுங்கள்.

தாளிப்பு வாசனையும் அப்படியே. அதை சிம்னியிடமும் எக்ஸாஸ்ட் ஃபேனிடமும் விடுங்கள்.

17 மார்ச்

இத்தனையும் வெளியாள் பார்வையிலிருந்து மறைப்பதைப் பற்றியே எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு என் கருத்து வேறு பக்கம் திரும்பிவிட்டது.

நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஒன்று எங்களுக்கு, ஒன்று பெண்ணுக்கு. அத்தை தவறிய பிறகு மாமா, என் மாமனார், கும்பகோணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டார். ஹாலில் திவான் போட்டுக் கொடுத்தோம். பெண் தன் அறையைத் தருகிறேன் என்றாள். "பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு, அவ ரூம் எனக்கு எதுக்கும்மா, எனக்கு ஹால்தான் காத்தோட்டம்" என்று சொல்லிவிட்டார். ஹாலில் ஏற்கெனவே 4.5 அடியில் ஒரு தடுப்பு இருந்தது. நாற்காலியில் உட்காருகிற விருந்தாளிக்கும் மேசையில் சாப்பிடுகிறவருக்கும் நடுவே அது நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

மாமா எதுவும் கேட்கவில்லை. காலையில் வேட்டி மாற்ற பாத்ரூமுக்குள் போவார், ஈரத்தரையில் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு. மத்தியானம் படுத்திருப்பார், நான் சமையலறைக்கு நடந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மருமகள் நடமாடும்போது படுத்திருப்பது மரியாதையில்லை என்று அவருக்கு. "படுத்துக்கோங்க மாமா" என்று நான் சொன்னால் "தூக்கம் வரலைம்மா" என்பார். கொரியர் கொடுக்க வருகிறவர் முதல் பெண்ணின் தோழிகள் வரை எல்லோரும் அவர் படுக்கையைத் தாண்டித்தான் போக வேண்டும். துண்டு போட ஓர் ஆணிகூட அவருக்கென்று இல்லை. மாத்திரை டப்பா தலையணைக்கு அடியில் இருந்தது.

வீட்டில் கதவில்லாமல் இருந்தது அவர் ஒருவர்தான். தடுப்பு யாருக்கு வேண்டும் என்று கேட்டால் முதல் ஆள் அவர். வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகிறவருக்கு நம் சாப்பாட்டு மேசை தெரிந்தால் என்ன குடிமுழுகிவிடும்? ஹாலில் படுக்கிற பெரியவர் உள்ள வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கெல்லாம் கணக்கு அவருடைய திவானிலிருந்து தொடங்க வேண்டும்.

18 மார்ச்

நேற்று எழுதியதன் தொடர்ச்சி, செய்முறை.

உயரம் மாறிவிடும். திவானில் படுத்தவர் தரையிலிருந்து 2 அடிக்குள் இருக்கிறார். பக்கத்தில் நடக்கிறவர் 4.5 அடித் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்க்காமலே அவரைப் பார்த்துவிடுவார். நின்று உடை மாற்ற 5.5 அடியிலிருந்து 6 அடி வேண்டும். அந்த உயரத்துக்கு மூடிய பலகை ஒன்றைத் திவானின் நீளத்துக்கு நிறுத்தலாம் என்று படம் போட்டேன். மாமாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாசல் தெரியாதேம்மா" என்றார்.

அது பெரிய விஷயம். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், பேத்தி எத்தனை மணிக்கு வந்தாள் என்பதுதான் அவருடைய நாள். மறைக்கவும் வேண்டும், அடைக்கவும் கூடாது.

எங்கள் ஆசாரிதான் வழி சொன்னார். "அக்கா, பட்டையைத் திருப்புற மாதிரி வச்சிடலாம். ஐயா வேணும்னா திறந்துக்கட்டும், வேணாம்னா மூடிக்கட்டும்." 6 அங்குல அகலத் தேக்குப் பட்டைகள், மேலும் கீழும் ஒரு பித்தளைக் குச்சியில் சுழல்கின்றன. பட்டைகளின் மேல்முனையை ஒரு மெல்லிய கம்பி இணைக்கிறது, ஒன்றைத் திருப்பினால் எல்லாம் திரும்பும். முழுக்க மூடினால் பலகை. பாதி திருப்பினால் அவருக்கு வாசல் தெரியும், ஹாலில் உட்கார்ந்தவருக்கு அவர் தெரிய மாட்டார். திறந்துவிட்டால் காற்று நேராக வரும். பட்டையைத் திருப்பும் பிடி அவர் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அதை நான் வற்புறுத்தி வைத்தேன்.

அவர் பக்கத்தில் என்னென்ன: துண்டுக்கும் சட்டைக்கும் இரண்டு கொக்கி, கண்ணாடியும் மாத்திரையும் வைக்க உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் ஒரு தட்டு, தம்ளர் கவிழாமல் இருக்க அதற்கு ஒரு விளிம்பு, போன் சார்ஜ் போட ஒரு பிளக், ஸ்விட்ச் உள்ள சின்ன விளக்கு, பஞ்சாங்கம் தொங்க ஒரு ஆணி. முதல் நாள் பட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரயில்வே டிக்கெட் கவுண்டர் மாதிரி இருக்கு" என்று சிரித்தார். அடுத்த வாரம் என் தம்பியின் குழந்தைகள் வந்து அங்கேயே டிக்கெட் விற்று விளையாடினார்கள், மாமா ஸ்டேஷன் மாஸ்டர்.

இப்போது மத்தியானம் பட்டை மூடியிருக்கும். நான் நடந்தால் அவர் எழுந்து உட்காருவதில்லை.

2 ஏப்ரல்

பெரியவர்கள் உள்ள வீட்டில் தடுப்பை எப்படி நிறுத்துவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

மடக்குத் திரை, சக்கரம் வைத்த அலமாரி இரண்டும் வேண்டாம். ராத்திரி எழுந்திருக்கும் பெரியவர் எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பிடித்துத்தான் எழுவார். அது நகர்ந்தால் விழுவார். தடுப்பின் திவான் பக்கச் சட்டம் ஒருவர் முழு எடையோடு சாய்ந்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். நேர்கோட்டில் நிற்கும் பலகை அடியில் மட்டும் பிடித்திருந்தால் ஆடும். முனையில் ஒன்றரை அடி மடித்து "ட" மாதிரி வைத்தால் தானாக நிற்கும். ஒரு பக்கம் சுவரிலும் பிடித்துவிட்டால் கவலையே இல்லை.

தரையில் குறுக்குச் சட்டம் போடாதீர்கள், கால் தடுக்கும். திவானிலிருந்து பாத்ரூம் போகும் வழி எங்கேயும் 3 அடிக்குக் குறையக் கூடாது. இன்று அவர் கைவீசி நடக்கலாம், நாளைக்கு வாக்கர் வரும்.

சீலிங்கில் துளை போடும் முன் எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ஃபேனுக்கும் விளக்குக்கும் போகும் வயர் பைப்புகள் தளத்துக்குள்ளேயேதான் ஓடுகின்றன. பீமின் அடியில் ஆழமாகத் துளைக்காதீர்கள், அங்கேதான் முக்கியக் கம்பிகள் இருக்கின்றன, மேலே மூடியிருப்பது கொஞ்சம் கான்கிரீட்தான். தரை டைல்ஸில் துளையிட டிரில் மெஷினின் ஹேமர் மோடை அணைத்துவிட்டு, டைல்ஸ் பிட் போட்டு மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் தெறிக்கும்.

21 ஏப்ரல்

வெயில் ஏறிவிட்டது, காற்று பற்றிய பகுதியை விட்டுவிட்டேன்.

சென்னையில் கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். வேளச்சேரி வாசகரின் பால்கனி கிழக்கே, சமையலறை ஜன்னல் மேற்கே. வீட்டுக்குள் காற்று போக இருக்கும் ஒரே பாதை அந்த 24 அடி நீட்டுதான். அதன் குறுக்கே சீலிங் வரை அடைத்தால் சமைக்கிறவர் புழுக்கத்தில் நிற்பார். 4.5 அடி என்று முதல் நாள் சொன்னேன், அதில் ஒரு திருத்தம் வேண்டும். அடியிலும் 6 அங்குலம் திறந்து விடுங்கள். தரையோடு வரும் காற்றும் போகும், மாப்பும் உள்ளே போகும்.

ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து உயரமான தடுப்புக்கு 2 அடியாவது இருக்கட்டும். 48 அங்குல ஃபேன் என்றால் நடுவிலிருந்து இறக்கையே 2 அடி போகிறது, ஆக ஃபேன் நடுவிலிருந்து 4 அடி. ஹாலுக்கும் டைனிங்குக்கும் தனித்தனி ஃபேன் இல்லாத வீட்டில் உயரத் தடுப்பு வைத்தால் ஒரு பக்கம் வேர்வைதான்.

வெட்டிவேர்த் தட்டி கேட்டவருக்கு: வாசனைக்கு வைக்கலாம். தண்ணீர் தெளித்துக் குளிரவைப்பது வேலூர் பக்கத்து உலர்ந்த வெயிலில் நன்றாக நடக்கும். சென்னையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது. வீட்டுக்குள் பூஞ்சைதான் பிடிக்கும். பட்டைகளுக்குப் பதிலாகச் சட்டத்தில் பத்தமடைக் கோரைப்பாயை இழுத்துக் கட்டலாம். காற்று கொஞ்சம் கசியும், எடை இல்லை, அழுக்கானால் பாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

5 மே

வேளச்சேரி வாசகர் எழுதியிருக்கிறார். வேட்டி கட்டிப் பார்த்தாராம். ஹால் சின்னதாகத் தெரியவில்லை என்று மனைவியே சொல்லிவிட்டாராம். கூடவே இன்னொரு செய்தி: அவருடைய அம்மா ஜூன் மாதம் சாத்தூரிலிருந்து வந்து இவர்களோடு தங்கப் போகிறார், ஹாலில்தான் படுக்கை. "இப்போது எதை எங்கே வைப்பது?" என்கிறார்.

அப்படியானால் டைனிங் மறைப்பை ஒத்திப்போடுங்கள். இருக்கிற பணத்தை அம்மாவின் படுக்கைக்குப் போடுங்கள். திவான் பால்கனி முனையில் வேண்டாம், வாசற்கதவு அங்கேதான், விடிகாலைப் பால் முதல் எல்லாச் சத்தமும் அவர் தலைமாட்டில் விழும். கதவிலிருந்து 10 அடி தாண்டி வடக்குச் சுவரை ஒட்டிப் போட்டால் பாத்ரூம் கிட்டே வரும் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. 6.5 அடி நீளத் தடுப்பை அதற்கு இணையாக, கிழக்கு மேற்காக நிறுத்துங்கள். காற்றுக்குக் குறுக்கே வராது. கிழக்கு முனையில் ஒன்றரை அடி மடிப்பு, அது வாசலிலிருந்து வரும் பார்வையை அறுக்கும், மேசையின் ஒரு பகுதியையும் சேர்த்தே மறைக்கும். திவானுக்கும் தடுப்புக்கும் நடுவே நின்று புடவை கட்ட குறைந்தது 2.5 அடி விடுங்கள். ஆண்கள் வேட்டிக்கு விடும் இடம் புடவைக்குப் போதாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவுக்குப் போன் போட்டு, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பார், ராத்திரி எத்தனை முறை எழுவார், சாமி படம் கண்ணில் பட வேண்டுமா என்று கேளுங்கள்.

19 மே

வாடகை வீட்டுக்காரர்கள் துளை போட முடியாது என்கிறார்கள். 11 அடி அகலத்துக்கு ஸ்பிரிங் ராடு தாங்காது, நடுவில் தொய்யும். புத்தக அலமாரி இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து ஸ்க்ரூ போட்டு ஒன்றாக்கினால் அடி அகலமாகி உறுதியாக நிற்கும். கனமான சாமான் கீழ்த்தட்டில். அலமாரியின் முனையிலிருந்து சுவர் வரை மிச்சமிருக்கும் மூன்று நான்கு அடிக்கு மட்டும் ராடு போட்டுத் திரை. வீட்டை மாற்றும்போது கூடவே எடுத்துக்கொண்டு போகலாம்.

பெரியவர் படுக்கை பக்கத்தில் இருந்தால் அலமாரியின் மேல்தட்டில் கண்ணாடி, பித்தளை எதுவும் வேண்டாம்.

2 ஜூன்

தடுப்பிலேயே பூஜை மாடம் வைக்கலாமா என்று இரண்டு பேர். வைக்கலாம், தினமும் எண்ணெய் விளக்கு ஏற்றுகிறவர்கள் மேலே ஒரு மரத்தட்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுடர் சின்னது, சூடு மேலே சேரும், லேமினேட் கருகிக் கொப்பளிக்கும். விளக்குக்கு அடியில் கிரானைட் துண்டு, பின்னால் டைல்ஸ் ஒட்டிவிடுங்கள். பட்டைத் தடுப்பில் மாடம் வேண்டாம், காற்றில் விளக்கு நிற்காது.

வேளச்சேரிக்கு: உங்கள் ஆசாரி அனுப்பிய அளவைப் பார்த்தேன். பட்டை 5 அங்குலம், ஒரு பட்டையின் நடுப்புள்ளியிலிருந்து அடுத்ததன் நடுப்புள்ளிக்கும் 5 அங்குலம் என்று போட்டிருக்கிறார். அப்படி வைத்தால் மூடும்போது பட்டைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கோடு கோடாக வெளிச்சம் தெரியும். பட்டை 6, நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி 5.5 என்று மாற்றச் சொல்லுங்கள். அரை அங்குலம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். விளிம்புகளைச் சரிவாகச் சீவச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஏறும்போது முட்டும். அம்மா ஜூன் கடைசியில் வருகிறார் என்றால் பாலிஷ் இந்த வாரமே அடித்துவிட வேண்டும், அந்த நெடி போக நாள் பிடிக்கும்.